ஆடி மாசத்து ஆர்டர் நோட்டு: மனச்சோர்வா, பைபோலாரா?

மாசி மாதம், ஓ.பி. முடியப்போகிற நேரம். நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கணவன், மனைவி இருவரும் வந்திருந்தார்கள். மனைவிக்கு வயது 32. வீட்டிலேயே ஆரி வேலை செய்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கணவர் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான். பிள்ளைகள் இரண்டு பேர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் கை வைக்கவில்லை.)

கையில் இருந்த பழைய சீட்டில் ‘திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு, இரண்டு மருந்துக்கும் கேட்கவில்லை’ என்று இருந்தது. ஐப்பசியிலிருந்து மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோபிராம் 20 மி.கி. வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் இல்லை என்று தை மாதம் வென்லாஃபாக்சினுக்கு மாற்றி, 75-இல் தொடங்கி 150-க்கு ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பதற்றம் கூடிவிட்டது என்று குளோனசெபாமும் சேர்ந்திருந்தது.

சோர்ந்துபோன ஒருவர் வருவார் என்று சீட்டைப் பார்த்து நினைத்தேன். வந்தவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பேச்சின் நடுவே இரண்டு முறை எழுந்து கதவுவரை போய்விட்டு வந்தார். அழுகை, அடுத்த நொடி எரிச்சல். தண்ணீர் பாட்டிலை நீட்டிய கணவரைப் பார்த்து, “எதுக்கு இப்ப இது? வைங்க அங்க” என்று சீறினார். இரவில் இரண்டு மணி நேரம்தான் தூக்கம், சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற குற்றவுணர்வு, இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம். “மண்டைக்குள்ள நாலு டி.வி. ஒரே நேரத்துல ஓடுது சார். ஒண்ணையும் நிறுத்த முடியல.”

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “எப்பவாவது அளவுக்கு மீறி சந்தோஷமா, தலைகால் புரியாம இருந்திருக்கீங்களாம்மா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எனக்கு ஏது சார் சந்தோஷம்?”

‘மேனியா (அளவு மீறிய எழுச்சி) வரலாறு இல்லை’ என்று எழுதினேன். அடுத்து எந்த மனச்சோர்வு மருந்தைச் சேர்க்கலாம் என்றுதான் யோசனை ஓடியது. எனக்கு முன்னால் பார்த்தவர் செய்த தவறை நானும் செய்ய ஐந்து நிமிடம்தான் பாக்கி.

கணவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எனக்குக் காட்ட எடுத்து வந்ததல்ல. ரவிக்கைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள், யாருக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று பஸ்ஸில் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். “இதைப் பாருங்க சார், அறுபத்து மூணு பேருகிட்ட வாங்கி வச்சிருக்கா. ஒண்ணுகூட முடிக்கல.”

நீளவாட்டு நோட்டு. ஆனி வரை பக்கத்துக்குப் பத்து வரி, பொடி எழுத்து: பெயர், அளவு, கழுத்து டிசைன், அட்வான்ஸ், கொடுக்கவேண்டிய தேதி. ஆடி பிறந்து பத்து நாளில் எழுத்து பெரிதாகிறது. கட்டத்தைத் தாண்டுகிறது. நீலம் போய்ச் சிவப்பு, பச்சை. ஓரங்களில் மயில், மாங்காய், யானை. ‘3 கிளை, 12 பொண்ணுங்க, சொந்த பில்டிங்’ என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டம். சில வரிகளுக்குப் பக்கத்தில் மணியும் குறித்திருக்கிறார்: இரவு 2.40, 3.10, 3.55. ஆவணி நடுவில் எழுத்து மறுபடி சுருங்குகிறது. புரட்டாசியிலிருந்து வெற்றுப் பக்கம்.

தீபாவளி ஆர்டர் என்றால் எந்தத் தையல்காரரும் ராத்திரி மூன்று மணிவரை உட்காருவார். அதை நோய் என்று சொல்ல முடியாது. இது ஆடி. கல்யாணம் கிடையாது, முகூர்த்தம் கிடையாது. ஆரி ஃப்ரேமைத் தட்டித் துடைத்து ஓரமாக வைக்கிற மாதம். முந்தைய வருட ஆடியில் அதே நோட்டில் இருந்தவை நான்கு ஆர்டர். இந்த வருடம் ஸ்கூட்டியில் தெருத்தெருவாகப் போய், பாதி விலைக்குத் தைத்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். நடுத்தர டிசைன் ஒன்றுக்கே மூன்று நாள் ஆகும். அறுபத்து மூன்றுக்கு 189 நாள். தீபாவளிக்கு அப்போது மிச்சமிருந்தவை ஏறத்தாழ எண்பது நாள். பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

பேனாவை மூடிவைத்துவிட்டு முதலிலிருந்து கேட்டேன். இந்த முறை சந்தோஷத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “ஆடியில ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?”

“ரெண்டு, மூணு.”

“மறுநாள் அசதியா இருந்துச்சா?”

முதன்முறையாக அவர் முகம் மாறியது. “இல்லீங்க சார். அப்பத்தான் நான் நல்லா இருந்தேன்.”

அந்த ஒரு வரிதான் இந்த நோயாளியிடம் எனக்குக் கிடைத்த முக்கியமான ‘டெஸ்ட் ரிசல்ட்’. மேனியாவின் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவை அனுபவித்தவர் அதை நோயாக நினைவில் வைத்திருப்பதில்லை. ‘நல்லா இருந்த காலம்’ என்றே அது மனதில் பதிகிறது. சோர்வு வந்தபோதுதான் டாக்டரிடம் வருகிறார், சோர்வைப் பற்றித்தான் சொல்கிறார். ‘ரொம்ப சந்தோஷமா இருந்தீங்களா’ என்று கேட்டால் இல்லை என்பது அவர் வரையில் உண்மையான பதில். அமெரிக்க மனநோய் வரையறைக் கையேடான டி.எஸ்.எம்.-இன் 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு மனநிலை மாற்றத்தோடு சக்தியும் செயல்பாடும் கூடியிருப்பதையும் கட்டாய அறிகுறியாகச் சேர்த்ததற்கு இப்படிப்பட்ட நோயாளிகளும் காரணம். மனநிலையைப் பற்றிய நினைவு ஏமாற்றும். எத்தனை மணிக்குப் படுத்தோம், எதை வாங்கினோம், எங்கே அலைந்தோம் என்பவை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.

கணவரின் போனில் மிச்சமும் கிடைத்தது. அந்த ஆடியில் அவர் நாக்பூர் லோடு போயிருந்தார். ஒரே இரவில் பதினேழு வாய்ஸ் மெசேஜ், கடைசியாக வந்தது விடியற்காலை 3.20-க்கு. ஒன்றைப் போட்டுக் கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவரின் குரல் என்றே நம்ப முடியவில்லை. மூச்சு விடாமல் கிளை திறப்பதில் ஆரம்பித்து, பெண்ணை டாக்டராக்குவதில் நுழைந்து, பாட்டுப் பாடி முடித்திருந்தார். “சந்தோஷமா பேசறாளேன்னு நானும் சந்தோஷப்பட்டுட்டேன் சார். ஸ்டியரிங்குல தூக்கம் வராம இருக்க அதைத்தான் போட்டுக் கேட்டுட்டுப் போவேன்.” மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து செகண்ட் ஹாண்ட் பவர் மிஷின் வாங்கியது அவருக்குப் பொங்கலுக்கு வந்தபோதுதான் தெரியும்.

அம்மாவையும் அடுத்த வாரம் கூட்டிவரச் சொன்னேன். மூன்று பேர் சொன்னதையும் சேர்த்து ஒரு தாளில் கோடு போட்டு எழுதியபோது கதை வேறாக இருந்தது.

24 வயதில் இரண்டாவது பிரசவம். ஐந்தாம் நாளிலிருந்து பத்து நாள் தூக்கமில்லை, ஓயாத பேச்சு, வந்தவர்களிடமெல்லாம் பாட்டு. ‘ஜன்னி கண்டிருச்சு’ என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். தானாக அடங்கியது. அதன் பிறகு இரண்டு மாதம் குழந்தையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் படுக்கை. 27-இல் மூன்று மாதச் சோர்வு. மாமியார் சண்டை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள், ஊர் டாக்டர் சத்து ஊசி போட்டார். 29-இல் மீண்டும். அப்போதுதான் முதல்முறையாக மனநல சிகிச்சை, எஸ்சிட்டலோபிராம் 10. பத்தே நாளில் பளிச்சென்று எழுந்துவிட்டார். அரை வருடம் சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். அதற்கு அப்புறம்தான் அந்த ஆடி. அதாவது, ஆடியில் உடம்பில் எந்த மனநல மருந்தும் இல்லை. மருந்து கிளப்பிவிட்டது என்று தள்ளிவிட வழியில்லை.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்றதற்கு அம்மா முதலில் இல்லை என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, “அவங்கப்பனோட தம்பி ஒருத்தர் இருந்தாருங்க. திடீர்னு பழனிக்கு நடந்தே போயிருவாரு. கையில இருக்கறதையெல்லாம் தானம் பண்ணிருவாரு. அப்புறம் ஆறு மாசம் திண்ணைய விட்டு எந்திரிக்க மாட்டாரு. அது நோயில்லீங்க, அவரு குணம்” என்றார். அந்தச் சித்தப்பா நாற்பதைத் தாண்டுவதற்குள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்.

முன்னால் பார்த்த டாக்டரை நான் குறை சொல்லத் தயாரில்லை. நம் நாட்டில் 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி அப்போது மனச்சோர்வில் இருந்தவர்கள் 2.7 சதவீதம், சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் பைபோலார் நோயால் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் 0.3 சதவீதம். சோர்வோடு வருபவரைப் பார்த்ததும் கை முதலில் எந்தப் பெயரை எழுதும் என்பது அந்த எண்களிலேயே இருக்கிறது. தவிர, சோர்வு நேரத்தில் இரண்டு நோயும் கிட்டத்தட்ட ஒரே முகம்தான் காட்டும். அந்தக் கட்டத்துக்கான அளவுகோலும் இரண்டுக்கும் ஒன்றே. ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பலின் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றை ஒரே கூடையில் போட்டதும், லியோன்ஹார்ட் 1957-இல் பிரித்ததும், 1966-இல் ஆங்ஸ்ட், பெர்ரிஸ் இருவரும் தனித்தனியே ஆராய்ந்து அந்தப் பிரிவை உறுதி செய்ததும், ஒருநாள் முகத்தைப் பார்த்து அல்ல. வருடக்கணக்கில் போக்கையும் குடும்பத்தையும் பார்த்து.

அந்தப் போக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜட்டும் சக ஆய்வாளர்களும் பைபோலார் இரண்டாம் வகை நோயாளிகளை (எழுச்சி முழு மேனியாவாகாமல் ஹைப்போமேனியாவோடு நிற்பவர்கள்) பல வருடம் வாரவாரமாகக் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழப் பாதி வாரங்கள் சோர்வு அறிகுறிகளிலேயே கழிந்திருந்தன. ஹைப்போமேனியா ஓரிரு சதவீத வாரங்கள்தான். சில வார ஆடியை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? அமெரிக்காவில் பைபோலார் நோயாளிகளிடமே கேட்டு 2003-இல் வெளியான ஆய்வில் 69 சதவீதம் பேருக்கு முதலில் வேறு நோயின் பெயர்தான் சூட்டப்பட்டிருந்தது. பெரும்பாலும் சாதாரண மனச்சோர்வு. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சரியான பெயர் கிடைக்கப் பத்து வருடமோ அதற்கு மேலோ காத்திருக்கிறார்கள். இவருக்கு, ஜன்னியிலிருந்து கணக்கு வைத்தால், எட்டு.

மேனியாவையே கண்ணால் பார்க்காதபோது சோர்வின் சாயலிலிருந்து ஊகிக்கச் சில தடயங்கள் உண்டு. 25 வயதுக்கு முன்பே தொடங்குவது, பலமுறை வந்து போவது, பிரசவத்தை ஒட்டி வருவது, அதிகத் தூக்கமும் அதிகப் பசியும், கைகால் ஈயக்குண்டு போலக் கனப்பது, குடும்பத்தில் பைபோலார், மருந்துக்கு அசாதாரண வேகத்தில் எழுந்து நிற்பது. இவற்றில் எதுவும் தனியாக நிற்காது. நாலைந்து சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். உடம்பு வலி, உடம்பு எரிச்சல் என்று உடல் சார்ந்த புகார்கள் அதிகமிருந்தால் ஒருதுருவச் சோர்வின் (எழுச்சி வராத சாதாரண மனச்சோர்வு) பக்கம் சாயலாம் என்பார்கள். நம் ஓ.பி.யில் அதை நான் மதிப்பதே இல்லை. இங்கே எந்தச் சோர்வும் முதலில் ‘உடம்பெல்லாம் எரியுது, நெஞ்சடைக்குது’ என்றுதான் உள்ளே வரும்.

பைபோலாரைச் சலித்தெடுக்கும் கேள்விப் படிவத்தையும் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று கேள்விகள், ஏழு ‘ஆம்’ வந்தால் சந்தேகிக்கலாம். அவர் தனியாகச் சொன்னபோது நான்கு. கணவரை உடன் வைத்துக் கேட்டபோது ஒன்பது.

எதிர்வாதமும் எனக்குள் ஓடாமல் இல்லை. அந்த ஆடி வெறும் உழைப்பு வெறியா? தூக்கம் கெட உழைப்பவர் அசந்துபோவார், வேலையாவது முடிந்திருக்கும். இவருக்கு இரண்டும் இல்லை. தைராய்டா? ரத்தத்தில் டி.எஸ்.எச். 3.1, இயல்பான அளவு. ஆளுமைக் கோளாறா? அதில் மனநிலை மணிக்கணக்கில், யாரோ சொன்ன சொல்லுக்கு ஏறி இறங்கும். இவருக்கு வாரக்கணக்கில், நடுவில் வருடக்கணக்கான அமைதியோடு. பிரசவத்தின்போது வந்தது முழு மேனியாவா என்பதுதான் எனக்கு உறுத்தல். முழு மேனியா என்றால் இது முதல் வகை பைபோலார். பத்து நாள் நீடித்திருக்கிறது; ஆனால் மருத்துவமனைச் சேர்க்கை இல்லை, குழந்தையைக் கவனித்துக்கொண்டாரா என்பதற்கு அம்மா ஒருநாள் ஒரு பதில், மறுநாள் வேறு பதில். எட்டு வருடத்து நினைவை வைத்து வழக்கு நடத்த முடியாது. இரண்டாம் வகை என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் நான் பார்த்த நிலை கலப்பு நிலை. சோர்வின் எண்ணங்கள், எழுச்சியின் வேகம். தற்கொலை ஆபத்து மிக அதிகமாயிருக்கிற கட்டங்களில் இது ஒன்று. சாகவேண்டும் என்ற எண்ணத்துக்குச் செயல்படும் தெம்பும் சேர்ந்துவிடுகிறது. வென்லாஃபாக்சின் இதில் எண்ணெய் ஊற்றியது என்றே நினைக்கிறேன். பைபோலார் நோயாளிகளை மற்ற சில சோர்வு மருந்துகளைவிட அது அதிகமாக மேலே தள்ளுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. தள்ளாவிட்டாலும் பெரிய லாபமில்லை. 2007-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தோடு சோர்வு மருந்தைச் சேர்த்தவர்களில் நிலையாகத் தேறியவர்கள் 23.5 சதவீதம், வெறும் மாத்திரையைச் சேர்த்தவர்களில் 27.3 சதவீதம்.

வென்லாஃபாக்சினைப் பத்து நாளில் இறக்கினேன். தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல நான்கு நாள் இருந்ததாகச் சொன்னார். பைபோலார் சோர்வுக்கான குவெட்டியாபின் இரவில் 50-இல் ஆரம்பித்து 300 வரை. கிரியாட்டினின், கால்சியம், இ.சி.ஜி. பார்த்துவிட்டு மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் 600 மி.கி. குடும்பத்தில் ஒருவர் உயிரை மாய்த்திருக்கிறார், இவருக்கும் அந்த எண்ணம் இருக்கிறது. பைபோலார் நோயில் தற்கொலையைக் குறைப்பதில் லித்தியத்துக்கு இருக்கிற சான்று வேறெதற்கும் இல்லை. கருவைப் பாதிக்கக்கூடிய வால்புரோயேட் பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கு நான் தொடுகிற மருந்தல்ல. இவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருந்தாலும் லித்தியம் இருக்க அதற்குத் தேவை வரவில்லை. கணவர் இரண்டு வாரம் லோடு போகாமல் இருக்க ஒப்புக்கொண்டார். மாத்திரைப் பெட்டி மாமியார் கையில். நடுராத்திரியில் என்ன செய்வது என்று கேட்டதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அந்த ஆர்டர் நோட்டின் அட்டையிலேயே எழுதிக்கொடுத்தேன். கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் லித்தியம் 0.68, வேண்டிய அளவு. நாலாவது வாரம் ஃப்ரேமை எடுத்து மாட்டினார்.

சித்திரையில் சறுக்கியது. அக்னி நட்சத்திர வெயிலில் வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். “பாருங்க சார். ஊசி நிக்க மாட்டேங்குது.” விரல்கள் நடுங்கின. ஆரி ஊசியின் கொக்கி நூலின் தடிமன்தான் இருக்கும். அது துணிக்குக் கீழே நூலைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். இந்த நடுக்கத்தில் ஒரு முத்து கோக்க முடியாது. ரத்தத்தில் லித்தியம் அளவு 1.2-ஐத் தாண்டியிருந்தது. காரணம் தேட வெகுதூரம் போகவில்லை. நாள் முழுக்கக் குனிந்து தைப்பதில் கழுத்து வலி. மெடிக்கலில் கேட்டு தினம் ஒரு டைக்ளோஃபெனாக். லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றவிடாமல் அது பிடித்துவைத்துவிட்டது, வெயிலில் உடம்பு நீர் வற்றியது மிச்சத்தைச் செய்தது. தண்ணீர், உப்பு பற்றியெல்லாம் சொன்ன நான் கழுத்து வலியைக் கேட்க மறந்திருந்தேன். ஆரி வேலை என்று சீட்டின் முதல் வரியிலேயே எழுதி வைத்திருந்தும்.

இரண்டு நாள் லித்தியத்தை நிறுத்தி, வலி மாத்திரையைப் பாராசிட்டமாலுக்கு மாற்றி, மறுபடி தொடங்கினோம். அளவு 0.6-க்கு வந்ததும் நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமிருந்தது ஊசியைப் பிடித்தால்தான் தெரிகிற அளவு. ஆனால் அன்று அவர் அழுதது நடுக்கத்துக்காக மட்டுமில்லை. “அந்த ஆடியில இருந்த கை இனி வராதா சார்? அன்னைக்கு நான் போட்ட டிசைன் இப்ப எனக்கே வரல.” வராது என்று சொல்ல எனக்கு மனமில்லை, வரும் என்று சொல்ல உரிமையில்லை. அந்த டிசைன்களில் எத்தனை தைத்து முடித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த ஆடிக்கு வரும்போது நோட்டை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். பொடி எழுத்து, நீல மை, ஐந்து ஆர்டர். வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, தினமும் தூங்கிய நேரத்தை எழுதியிருந்தார்: 7, 6½, 7, 7, 6. ஓரிடத்தில் 3. அதைச் சுற்றிக் கணவர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

“இது என்ன?”

“அன்னைக்கு மாரியம்மன் பண்டிகைங்க சார். கரகாட்டம் பாத்துட்டு வந்து படுக்க மூணு மணி ஆயிருச்சு.”

“மறுநாள்?”

“ஐயோ, எந்திரிக்கவே முடியல சார். மத்தியானம் சோறாக்காம படுத்துக் கிடந்தேன், அத்தை திட்டினாங்க.”

சீட்டில் ‘மறுநாள் நல்ல அசதி’ என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டேன். லித்தியம் அதே அளவு. அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து.